பக்கத்து இருக்கையில் அமர்ந்தவருக்கு யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாகர்கோவில் சாலையை அறியாதவர் இலர். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என நீளும் அச்சாலையில் திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் பொங்கலுக்கும் குடும்பம் குடும்பமாகச் சென்று வருகிறோம். பெரும்பாலும் ஓட்டுபவர் வீட்டு மனிதரே. மகன் ஓட்ட, தாய் முன்னிருக்கையில் அமர, அத்தையும் பேரக் குழந்தைகளும் பின்னிருக்கையில் இருப்பார்கள்.

அப்படிச் செல்லும்போது, ஓட்டுபவரின் கவனக்குறைவால் வண்டி மரத்தில் மோதி உடன் வந்தவர் காயமடைந்தால் மருத்துவச் செலவையும் வருமான இழப்பையும் ஏற்பவர் யார்? "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பதே பலரின் விடை. அந்த விடை சரியா தவறா என்பது பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள ஓரிரு சொற்களைப் பொறுத்தது. வாகனக் கடன் பெற்றவர்களும், அக்கடனை அண்மையில் முடித்தவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

உறவு ஒரு தடையன்று

சொந்த மகன்மீதோ கணவர்மீதோ இழப்பீடு கோர முடியுமா என்ற ஐயம் இயல்பானது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கணவனும் மனைவியும் உடற்காயத்துக்காக ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடர இயலாத நிலை இருந்தது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. அதன் 166ஆம் பிரிவின்படி விபத்தில் காயமடைந்த எவரும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். ஓட்டியவருக்கு உறவினர் என்பதால் அவ்வுரிமை பறிபோவதில்லை.

பொறுப்பு முதலில் கவனக்குறைவாக ஓட்டியவரைச் சேர்கிறது. அவருடன் சேர்ந்து, அவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் பொறுப்பாகிறார். ஆகவே தந்தையின் பெயரில் உள்ள காரை மகன் ஓட்டினால் இருவருமே பொறுப்பாளிகள். அந்த இருவரின் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் தன் தோளில் ஏற்கிறதா என்பதே அடுத்த கேள்வி. சிக்கல் தொடங்குவதும் அங்குதான்.

இரு பாலிசிகள்

மோட்டார் வாகனக் காப்பீட்டில் இரு முதன்மை வகைகள் உள்ளன. ஒன்று, சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் பாலிசி. ஆவணத்தில் 'லயபிலிட்டி ஒன்லி' என்றோ 'ஆக்ட் ஒன்லி' என்றோ அச்சிடப்பட்டிருக்கும். மற்றொன்று, மூன்றாம் நபர் பொறுப்போடு சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து ஏற்கும் 'பேக்கேஜ்' பாலிசி. முழுமைக் காப்பீடு என்று வழங்குவது இதுவே.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் வண்டியின் சேதத்தைப் பற்றியது மட்டுமே எனப் பலர் கருதுகின்றனர். "வண்டி பழையதாகிவிட்டது, இனி மூன்றாம் நபர் காப்பீடே போதும்" என்ற முடிவு இக்கருத்திலிருந்தே பிறக்கிறது. உண்மையில் பேக்கேஜ் பாலிசி, தனியார் காரில் கட்டணமின்றிப் பயணிப்பவர்களுக்கு ஏற்படும் மரணத்தையும் உடற்காயத்தையும் வெளிப்படையாக உள்ளடக்குகிறது. மூன்றாம் நபர் பாலிசியோ, சட்டம் எந்த அளவு கட்டாயப்படுத்துகிறதோ அந்த அளவுக்கே பொறுப்பேற்கிறது. சட்டத்தின் 147ஆம் பிரிவு பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களின் பயணியைப் பெயர் சொல்லிக் காக்கிறது. தனியார் காரில் இலவசமாகப் பயணிப்பவரை அவ்வாறு குறிப்பிடவில்லை.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள கார், சாலையைக் கடந்த முன்பின் அறியாத ஒருவர்மீது மோதினால் அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும். அதே விபத்தில் முன்னிருக்கையில் இருந்த தாய் காயமடைந்தால், அவருக்குத் தரும் பொறுப்பு தனக்கு இல்லை என்று நிறுவனம் வாதிடலாம். நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்றும் உள்ளன.

நீதிமன்றங்கள் கூறியவை

1960ஆம் ஆண்டு நாக்பூரிலிருந்து பாண்டுர்ணா நோக்கிச் சென்ற ஒரு நிறுவனத்தின் கார் மரத்தில் மோதியது. ஓட்டியவர் அந்நிறுவனத்தின் மேலாளர். இறந்தவர் உடன் சென்ற பயணி. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டி 1977இல் முடிவுற்றது. சாலையோர மரத்தில் கார் மோதியதே கவனக்குறைவுக்கு முதல்நோக்கில் சான்று என்று கூறிய நீதிமன்றம், கார் உரிமையாளரான நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்போ, பயணிக்கென்று பாலிசி ஏற்றிருந்த 15,000 ரூபாயோடு நின்றது. எஞ்சியதை உரிமையாளரே தர வேண்டியிருந்தது.

2006இல் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழக்கில், இரு சக்கர வண்டியின் பின்னிருக்கையில் இலவசமாகச் செல்பவரைச் சட்டக் கட்டாயப் பாலிசி காக்காது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் கேரளத்திலிருந்து சென்ற வழக்கிலும் அதே நிலை உறுதிப்பட்டது. ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பிலிருந்து ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனம் விடுவிக்கப்பட்டது.

பேக்கேஜ் பாலிசியைப் பொறுத்தவரை நிலை வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பர் 16 அன்று அனைத்துப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில், பேக்கேஜ் பாலிசியில் தனியார் காரின் பயணிகளும் இரு சக்கர வண்டியின் பின்னிருக்கைப் பயணியும் அடங்குவர் எனத் தெளிவுபடுத்தியது. 2012இல் நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நிலையை ஏற்றது. அவ்வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பாயத்துக்கு இட்ட பணி ஒன்றே: பாலிசி எவ்வகையது என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்பது.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. காரில் பயணித்து இறந்த ஒருவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் 14 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை வழங்கியிருந்தது. பாலிசி பயணியைக் காக்காது என்று காப்பீட்டு நிறுவனம் முறையிட, சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அதை ஏற்றது. ஆயினும் வண்டி வாங்குவோருக்கு இவ்வேறுபாடு விளக்கப்படுவதில்லை என்று வருந்திய நீதிபதி எஸ். வைத்தியநாதன், செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கிய முழுக் காப்பீட்டை ஐந்தாண்டுகளுக்குக் கட்டாயமாக்கினார். நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதும் சில வாரங்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி என விடப்பட்டது.

பிற நாடுகள் இவ்விடைவெளியைச் சட்டத்தாலேயே அடைத்துள்ளன. இங்கிலாந்து 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பயணிகளுக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநரின் குடும்பத்தினர் என்ற காரணத்துக்காக எவரையும் உடற்காயக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சமூகம் 1983இல் நெறிப்படுத்தியது. நம் நாட்டில் தனியார் காரின் பயணியைக் காக்கும் முடிவு இன்றும் வண்டி உரிமையாளரின் கையில் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையின் பெயரில் கார், மகன் ஓட்டுகிறார், 48 வயதுள்ள இல்லத்தரசியான தாய்க்குக் காலில் முறிவு ஏற்பட்டு 20 விழுக்காடு நிரந்தர ஊனம் எனச் சான்று கிடைக்கிறது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் தீர்ப்பாயங்கள் வருமான மதிப்புக் கணிக்கின்றன. மாதம் 12,000 ரூபாய் எனக் கணிக்கப்பட்டதாகக் கொள்வோம். 46 முதல் 50 வயது வரையுள்ளோருக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த பெருக்கெண் 13. ஆண்டு வருமானம் 1,44,000. அதை 13ஆல் பெருக்கினால் 18,72,000. அதில் 20 விழுக்காடு 3,74,400 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, உதவியாளர் கூலி, வேதனைக்கான தொகை, வட்டி ஆகியவை இதன்மேல் சேரும்.

பேக்கேஜ் பாலிசி இருந்தால் மனுவில் மகனின் பெயரும் தந்தையின் பெயரும் எதிர்மனுதாரர்களாக இடம்பெறும். தொகையைத் தருவது காப்பீட்டு நிறுவனம். தாய் மகன்மீது பகை கொண்டு வழக்காடுவதாக இதற்குப் பொருளில்லை. குடும்பம் ஆண்டுதோறும் பிரீமியம் செலுத்தியது இத்தகைய நாளுக்காகவே.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அதே மனு உண்மையாகவே மகன்மீதும் கணவர்மீதும் திரும்புகிறது. எந்தத் தாயும் அதைச் செய்யத் துணியமாட்டார். வைப்புத்தொகையை உடைத்தும் நகையை அடகு வைத்தும் குடும்பமே செலவைச் சுமக்கும். காயமடைந்தவர் அத்தையாகவோ நண்பரின் மகளாகவோ இருந்தால் அவர்கள் மனுச் செய்யாதிருப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது; அது நியாயமும் ஆகாது. தீர்ப்பாயம் விதித்த தொகையைச் செலுத்தாவிட்டால், 174ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் வழியே நில வரி நிலுவையைப் போல அது வசூலிக்கப்படும். அந்நிலையில் வீடும் சேமிப்பும் பொறுப்புக்கு உள்ளாகின்றன.

உரிமையாளரே பயணியானால்

மனைவியின் பெயரில் வண்டி வாங்கிக் கணவர் ஓட்டுவது நம் வாடிக்கையாளர்களிடையே பரவலான வழக்கம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாலிசி உரிமையாளரின் பொறுப்பை ஏற்பதற்கான ஒப்பந்தம். ஆகவே உரிமையாளர் தன் பாலிசிக்குத் தானே மூன்றாம் நபராக முடியாது. கணவரின் கவனக்குறைவால் காயமடைந்தவர் பதிவுச் சான்றில் உள்ள மனைவியே என்றால், பேக்கேஜ் பாலிசியின் மூன்றாம் நபர் பகுதியும் அவருக்குக் கைகொடுக்காது. அவருக்கு உதவுவது தனிநபர் விபத்துக் காப்பீடே.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாயாக உள்ளது. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கே அது பொருந்தும். தந்தையின் காரை ஓட்டும் மகன் உரிமையாளர் அல்லர். ஆகவே அக்காப்பீடு அவரைச் சேராது. தன் கவனக்குறைவால் தானே உயிரிழந்த ஓட்டுநரின் குடும்பத்தினர் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மீண்டும் கூறியுள்ளது. வழக்கமாக வண்டி ஓட்டும் மகன், மகள், கணவர் ஆகியோருக்குத் தனியே விபத்துக் காப்பீடு எடுப்பது ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

ஓட்டியவர் யார் என்ற உண்மை

பொறுப்பு முழுவதும் ஓட்டியவர் யார் என்பதைச் சார்ந்து நிற்பதால், அதுபற்றிய ஐயம் பெரும் துயரத்தைத் தரும். 2018 செப்டம்பர் 25 அதிகாலையில் திருவனந்தபுரம் பள்ளிப்புறத்தில் வயலின் கலைஞர் பாலபாஸ்கர் குடும்பத்தின் கார் மரத்தில் மோதியது இந்நகரம் மறவாத நிகழ்வு. அவருடைய சிறு மகள் அன்றே உயிரிழந்தாள். அவர் அக்டோபர் 2 அன்று மறைந்தார். மனைவி கடுமையாகக் காயமுற்றார். வண்டியை ஓட்டியவர் யார் என்பதில் முரண்பட்ட கூற்றுகள் எழுந்தன. ஓட்டியவர் பாலபாஸ்கர் அல்லர் என்ற முடிவுக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வந்தபோது ஆண்டுகள் கடந்திருந்தன.

சாதாரணக் குடும்பங்களில் இச்சிக்கல் வேறு வடிவில் வருகிறது. மகன்மீது வழக்குப் பதிவாகிவிடும் என்று அஞ்சி, மருத்துவமனையில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று கூறிவிடுகின்றனர். உரிமம் இல்லாத இளையவர் ஓட்டியிருந்தால் மூத்தவர் ஓட்டியதாகச் சொல்கின்றனர். மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி பின்னர் இழப்பீட்டு மனுவையே வீழ்த்தக்கூடும்.

கவனக்குறைவாக ஓட்டிக் காயம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளின்கீழ் வழக்கு வரும் என்பது உண்மையே. ஆயினும் பொய்யுரை அந்தச் சுமையைக் குறைப்பதில்லை. காயமடைந்தவரின் உரிமையைத்தான் அழிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டியிருந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே சாவியைக் கொடுக்கும் முன்பே முடிவு செய்யப்பட வேண்டியது அது.

கடன் முடியும் நாள்

வாகனக் கடன் நிலுவையில் இருக்கும்வரை வங்கி பேக்கேஜ் பாலிசியை வலியுறுத்துகிறது. ஈடாக உள்ள வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் கடன் பாதுகாப்பு இழக்கும் என்பதே காரணம். பயணிகளுக்குக் கிடைக்கும் காப்பு அதனோடு சேர்ந்து வரும் நன்மை. கடன் கொடுத்ததால் வங்கி வண்டியின் உரிமையாளர் ஆவதில்லை. ஈட்டு ஒப்பந்தத்தின்கீழ் வண்டியைக் கையில் வைத்திருப்பவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்பதை ஒரு தனியார் வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. எனவே விபத்துப் பொறுப்பு கடன் நாளிலும் வாடிக்கையாளருடையதே.

கடன் முடிந்ததும் படிவம் 35ஐயும் தடையின்மைச் சான்றையும் பெற்றுப் பதிவுச் சான்றிலிருந்து ஈட்டுக் குறிப்பை நீக்கிக்கொள்கிறோம். அடுத்த புதுப்பித்தலில் வங்கியின் வலியுறுத்தல் இல்லை. செலவைக் குறைக்கும் எண்ணத்தில் மூன்றாம் நபர் பாலிசிக்கு மாறுகிறோம். 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2022 ஜூன் முதல் வகுக்கப்பட்ட மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அதைப் பார்த்ததும் மிச்சம் பெரிதாகத் தோன்றும். அந்த மிச்சத்துக்காக நாம் கைவிடுவது பழைய வண்டியின் சேதக் காப்பை மட்டுமன்று, அதில் அமரும் மனிதர்களுக்கான காப்பையும் சேர்த்தே.

இரு சக்கர வண்டிகளில் இது இன்னும் எளிதாக நிகழ்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்தாண்டு, காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு வாங்கும்போதே எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே. அதைப் புதுப்பிக்காதவர் கையில் இரண்டாம் ஆண்டில் எஞ்சுவது மூன்றாம் நபர் பொறுப்பு மட்டுமே. "ஐந்தாண்டு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்ற நிறைவில் மனைவியையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றிச் செல்கிறோம்.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கவை

பாலிசியின் முதல் பக்கத்தை இன்றே பாருங்கள். 'பேக்கேஜ்' என்று உள்ளதா, 'லயபிலிட்டி ஒன்லி' என்று உள்ளதா என அறியுங்கள். சொந்தச் சேதக் காப்பீட்டை ஒரு நிறுவனத்திலும் மூன்றாம் நபர் காப்பீட்டை வேறொன்றிலும் எடுத்திருப்பவர்கள், பயணிகள் அடங்குவரா என எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டைச் சிறு கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கலாம். தவறு யாருடையது என்ற ஆராய்ச்சி இதற்குத் தேவையில்லை.

வீட்டில் 18 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் தம் வங்கிக் கணக்கு வழியே பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய். மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இருத்தல் வேண்டும்.

பழைய வண்டியை விற்றால் பதிவுச் சான்றில் பெயர் மாற்றத்தை உறுதிசெய்யுங்கள். பெயர் மாறும்வரை ஏட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

விபத்து நேர்ந்தால் முதலில் சிகிச்சை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமின்றிச் சிகிச்சை பெறலாம். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் நடந்ததை நடந்தபடி கூறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் அளிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் கூறுகிறது. அவ்வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன எனினும், அதை நம்பித் தாமதிப்பது நன்றன்று. விபத்து மார்த்தாண்டத்தில் நிகழ்ந்தாலும், மனுதாரர் திருவனந்தபுரத்தில் வசிப்பவராயின் இங்குள்ள தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறும் உரிமை உடையவர்கள். ஓட்டியவர் தந்தை, காயமடைந்தது குழந்தை என்றால் குழந்தையின் சார்பில் தாயோ வேறு நெருங்கிய உறவினரோ மனுச் செய்வதே முறை.

குழந்தைக்குக் கிடைக்கும் இழப்பீடு வயது நிரம்பும்வரை வங்கி வைப்புத்தொகையாக இருத்தல் வேண்டும் என்றும், நீதிமன்ற அனுமதியின்றி அதன்மீது கடனோ முன்கூட்டிய திருப்பமோ கூடாது என்றும் உள்ள நெறி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அத்தகைய வைப்புக் கணக்குகளைப் பற்றியோ, கடன் முடிந்த வண்டியின் பாலிசியைப் பற்றியோ ஐயம் உள்ளவர்கள் பாலிசி நகலுடன் தம் கிளைக்கு வரலாம். அடுத்த புதுப்பித்தல் நாளுக்கு முன்பாக வருவது நலம்.